நான்காவது பாட்டில் நான் இல்லை

மூன்றாவது ஆல்பத்துக்கு ஸ்டுடியோ வேண்டாம் என்றான் டெல்மர்.
அஸ்டோரியாவில், கொலம்பியா ஆறு கடலுக்குள் நுழையும் முனையில்
மூடிக் கிடந்த மீன் டப்பா ஆலையை
வாரம் நாற்பது டாலருக்குப் பேசி முடித்தான்.
சுவரெல்லாம் சால்மன் வாடை.
மைக்கைத் தொட்டால் விரலில் உப்பு.

கிட்டாரை அவன் வேனிலிருந்து இறக்கவே இல்லை.
இறக்கியது ஒரு கால்மிதி ஆர்மோனியம்.
லூத்தரன் சபை ஏலத்தில் பதினெட்டு டாலர்.
இரண்டு கட்டைகள் ஊமை,
ஒன்று அமுக்காமலே அழும்.

சரிசெய்ய ஆள் இருக்கிறது என்றார் வென்டல்,
எங்கள் ஒலிப்பதிவாளர்.
"அழுகைக்குத்தான் காசு கொடுத்தேன்" என்றான்.

'ஈரக் கம்பளி' என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்கும்,
இல்லாவிட்டால் உங்கள் அண்ணனுக்கு.
முதல் ஆல்பம்: பன்னிரண்டு பாட்டு, முப்பத்தொரு நிமிடம்,
தொண்டை கிழியக் கத்தல்.
இரண்டாவதும் அதேதான்,
கொஞ்சம் கூடுதல் விலைக்கு.
மாதத்துக்கு ஒரு சிம்பலை உடைப்பேன்.
படுத்த பிறகும் இடது காது
தன்பாட்டுக்கு விசிலடித்துக்கொண்டிருக்கும்.
எனக்கு அது பெருமையாக இருந்தது,
சொன்னால் என்ன.

நான்காவது பாட்டை வாசித்துக் காட்டினான்.
எந்த இடத்தில் நான் வரணும் என்று கேட்டேன்.
வராதே என்றான்.
அப்போ வெளியே நிற்கட்டுமா?
"இல்லை, டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்.
குச்சிகளைக் கையில் பிடி.
எந்த நொடியும் நீ அடிப்பாய் என்று
எங்களுக்குப் பயம் இருக்க வேண்டும்."

பதினோரு நிமிடம்.

முதலில் எண்ணினேன், வேறென்ன தெரியும் எனக்கு.
இருநூறைத் தாண்டியதும் எண் நழுவியது.
பிறகு கோபம். அதற்கும் தாளம் இருந்தது,
முழங்கால் அதைப் போட்டது.
பிறகு அரிப்பு, மூக்கு நுனியில்.
பிறகுதான் கேட்டது:

லோர்னா பேஸில் தாழ்ந்த ஒரு சுரத்தை இழுக்க
என் ஸ்னேரின் அடிக்கம்பிகள்
யாரும் தொடாமலே ரீங்கரித்தன.
ஏழு வருடமாக நான் அடித்துக்கொண்டே இருந்ததில்
அது பேச வாய்ப்பே வரவில்லை போலும்.

டெல்மர் பாடினான்.
சலவைக்கடை ரசீதில் இருக்கும் வரிகளைப் போல:
சட்டை மூன்று, கறை போகவில்லை, உரிமையாளர் பொறுப்பு.
ஸகரம் வரும் இடத்தில் அவன் நாக்கு தடித்தது.
எனக்குத் தெரியவே தெரியாது.
கத்தும்போது எல்லா நாக்கும் ஒன்றுதான்.

வெளியே இழுவைப்படகு ஒன்று ஊதியது.
வென்டல் கையை உயர்த்தினார், நிறுத்தலாமா என்று.
லோர்னா கண்ணாலேயே கையை இறக்க வைத்தாள்.
அந்த ஊதல் ஆல்பத்தில் இருக்கிறது.

கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார்,
விலைச்சீட்டுப் பிரிக்காத ரப்பர் பூட்ஸோடு.
கண்ணை மூடிக் கேட்டார், மரியாதையாகத்தான்.
"நல்லது. இது வெள்ளோட்டம்தானே,
டிரம்ஸ் எப்போது சேர்ப்பீர்கள்?"
யாரும் வாய் திறக்கவில்லை.
அழும் கட்டை மட்டும் அழுதது.

ஸ்போகேனில் முதல் நிகழ்ச்சி.
நான்காவது பாட்டில் பாதிக் கூட்டம் பீருக்குப் போனது.
"அடி, சிக்னே, அடி!" என்று
முன்வரிசையில் ஒருவன் கெஞ்சினான்.
பாவம், என் வலது கைக்கும் அதே ஆசை.
ஆல்பம் விற்றதா என்று கேட்காதீர்கள்.
டெல்மர் வேனை விற்றான்.

உறையில் யார் என்ன வாசித்தார்கள் என்று போட வேண்டுமே,
நான்காவது பாட்டுக்கு லோர்னா எழுதினாள்:
சிக்னே ராட்டிகைனென், உட்கார்ந்திருந்தாள்.
பங்குத்தொகை எல்லோருக்கும் சமம்.

ஒன்பதாவது நிமிடத்தில் மெல்லியதாக ஒரு டக்.
நாற்காலி என்கிறார்கள், டேப் கோளாறு என்கிறார்கள்,
படகு என்கிறவர்களும் உண்டு.
குச்சிகள்தான்.
தரையில் வைத்தேன்.